ஈரத் தரையில் ஊன்றிய கால்

மாலை ஏழு மணி இருக்கும். புதுக் கட்டடங்களுக்குப் போகும் அந்தச் சாலையில் ஒரு விளக்குகூட எரியவில்லை... என் நண்பனின் மாமா, டைல்ஸ் பதிப்பவர், இரண்டு ஊன்றுகோல்களோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

வயிற்றெரிச்சல்தான் காரணம். அவர் பாதியில் விட்ட வீட்டுத் தரையை அவருடைய மச்சான் முடித்துக்கொண்டிருந்தான். காலமெல்லாம் மண்டியிட்டு வேலை செய்ததில் வலது முட்டியின் குருத்தெலும்பு பிய்ந்து, ஆபரேஷனில் புதிதாக வைத்து ஒட்டியிருந்தார்கள். புதுக் குருத்தெலும்பும் புது டைல்ஸும் ஒன்று. இறுகுவதற்குள் மிதித்தால் அடியில் பிடிப்பு விட்டுவிடும். மேலே பார்த்தால் தெரியாது. தட்டினால்தான் 'டொக்' என்று வெற்றாகக் கேட்கும். அதனால் எடை பார்க்கும் மெஷினில் வலது காலை மட்டும் வைத்து, முள் இருபது கிலோவைத் தொடும்வரை அழுத்திப் பழக வேண்டும். மிச்ச எடை ஊன்றுகோலுக்கு. அவசரப்பட்டு முழுசாக ஊன்றினால் இனி மண்டியிடவே முடியாது, தொழில் போச்சு.

வாரக்கணக்கில் அதே இருபது. "கைக்குழந்தகூட இதுக்குள்ள நடந்திருக்கும்" என்று மனைவியிடம் எரிந்து விழுவார்.

"குழந்த சொன்னா கேக்கும்" என்பாள் அவள்.

அந்தப் புது வீட்டின் கதவைத் தள்ளி டார்ச் அடித்தார். ஈர சிமென்ட் வாசனை. அன்றுதான் பதித்த தரை... நட்டநடுவில் ஒரு டைல்ஸ் கல் மட்டும் அமுங்கியிருந்தது. அதன்மேல் சிமென்ட் படிந்த வெறுங்கால் தடம். வலது கால். முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை... அந்த ஒன்றுதான்.

மூக்குக்கு மேல் கோபம். இருட்டைப் பார்த்துக் கத்தினார். "எவன்டா ஈரத்துல கால வெச்சது? கால ஊன்றத் தெரியலன்னா என் வீட்டுக்கு வா. எப்படின்னு கத்துத் தரேன்."

உள்ளறையில்... ஏதோ லேசாக நகர்ந்தது.

திரும்பும் வழியில் 'டக்... டக்' என்று அவருடைய ஊன்றுகோல். பின்னால் 'சப்'... வெறுங்கால். ஒற்றைக் கால். அவர் நின்றார். அது இன்னொரு எட்டு வைத்தது... 'சப்'. ஓடு என்றது உடம்பு. வலது கால் தரையைத் தேடி இறங்கியது. பல்லைக் கடித்துத் தூக்கிக்கொண்டார். வீடுவரை ஊன்றவே இல்லை.

கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணைமேல் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. கூடத்தில் 'கிறீச்'... மெஷினின் ஸ்பிரிங்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? இருபதுக்கு மேல போகாதீங்க" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மெஷின்மேல் ஈர சிமென்ட் தடம். முள் இருபதில் நின்றது. பிறகு இருபத்தைந்து... முப்பது... நாற்பது...

தலையணைமேல் அசையாமல் கிடந்த அவர் முட்டிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது.

'டொக்'.