ஓடைவாய் மிதவைகளை இடம் மாற்றிக் கட்டியமை தொடர்பாக றிஸ்மியா கூறியது

பெயர்: ஸக்கரியா றிஸ்மியா. வயது 38. தொழில் குளத்து மீன்பிடி. மாத்தளை மாவட்டம், கலேவெல, கும்புக்வெவ குளக்கட்டு வீதியில் வசிக்கின்றேன். எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் நான் சொல்வதைத் தமிழில் எழுதும்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டேன்.

நானும் என் கணவர் ஸக்கரியாவும் பதினொரு வருடம் ஒரே தோணியில் தொழில் செய்தோம். அவர் துடுப்புப் போடுவார், வலையை நான் இழுப்பேன். மீனவர் சங்கத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. 2024 செப்டெம்பர் 14ஆம் திகதி எனக்குக் காய்ச்சலாக இருந்தபடியால் அவர் தனியாகப் போனார். மறுநாள், ஓடை குளத்தில் வந்து விழும் ஓடைவாயில், சொந்த வலையில் சிக்கிய நிலையில் அவருடைய மையித்து கிடைத்தது. வலையை அறுத்து அவரை எடுத்தது நான். அன்று முதல் பிறைக் கணக்கில் நான்கு மாதமும் பத்து நாளும், கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தா இருந்தேன், வாசலைத் தாண்டவில்லை.

இத்தாவில் இருக்கும்போது, குளத்து மீன்வளம் அழியாமல் இருக்க ஒரு திட்டம் எழுதுவதற்காக நிரோஜா என்ற பிள்ளை வீட்டுக்கு வந்தார். அவர் யட்டவத்தப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். குளத்தை நம்பி வாழும் பெண்களின் மனநிலையையும் எழுத வேண்டும் என்று கூறி, இரவில் தூக்கம் வருகிறதா என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன் கணவரின் மூத்த சகோதரி நுஸ்லா மதினி பதில் சொன்னார். “எங்கட பொம்புளைகள் ஸபரா, பொறுமையாத்தான் ஈக்கிறோம் தங்கச்சி. ஒரு கொறையும் இல்லன்னு போடுங்க” என்றார். கூட இருந்த பெண்களும் அதையே கூறினார்கள். 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் கடதாசியோடு வருகிறவர்களிடம் யாரும் குறை சொல்வதில்லை. ஒருத்தி சொன்னால் முஸ்லிம்கள் எல்லோரும் சொன்னதாகிவிடும் என்ற பயம். மதினியைக் குற்றம் சொல்லவில்லை. நானும் வேறு வீடுகளில் அப்படிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அதன் பின்னர் நிரோஜா, தொடர்ந்து மீன் பிடிப்பேனா, மீன் குஞ்சு பெருகும் இடம் எது என்று கேட்டார். இவ இனித் தண்ணிக்குப் போகமாட்டா, அதெல்லாம் ஆம்பிளைகளிடம் கேளுங்கள் என்று மதினி கூறினார். இத்தாவில் இருப்பவள் கையெழுத்து வைக்கக்கூடாது என்று எங்கள் பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதனால் எனக்குப் பதிலாக அவரே கையெழுத்து வைத்தார். பேனா என் பக்கத்தில்தான் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டதில், மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார்.

2025 ஜனவரி 20ஆம் திகதி இத்தா முடிந்தது. மறுநாள் குளத்துக்குப் போனேன். எங்கள் தோணியின் சங்கப் பதிவு இலக்கத்தை வெள்ளைப் பெயின்ட் பூசி அழித்திருந்தார்கள். ஓடைவாயை ஏழு மஞ்சள் மிதவைகள் கட்டி மூடியிருந்தார்கள். குஞ்சு பெருக ஓரிடத்தை மூடச் சொல்லித் திட்டத்தில் இருக்கிறது, ஓடைவாய் ஆள் இறந்த இடம், வலை வீச யாருக்கும் மனமில்லை, அதனால் அதையே மூடினோம் என்று சங்கத் தலைவர் கூறினார். ஆனால் குஞ்சு பெருகுவது குளத்துக்குள் நிற்கும் பட்டமரத்தடியில். திலாப்பியா குஞ்சை வாய்க்குள் வைத்துத்தான் காக்கும். வலையில் பட்டதும் துப்பிவிடும். ஓடைவாயை மூடியதால் எல்லாத் தோணியும் பட்டமரத்தடிக்குத்தான் போகிறது. கரையில் கொட்டிய வலைகளில் குஞ்சுகள் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்டேன்.

இதைத் தலைவரிடம் சொன்னேன். உங்கள் ஊர்ப் பெண்கள் மீன் பிடிப்பதில்லை என்று திட்டத்தில் கையெழுத்தோடு எழுதியிருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதன் பின்னர் நிரோஜாவுக்கு டெலிபோன் எடுத்தேன். கையெழுத்து வைத்ததை மாற்ற முடியாது என்றார். பிறகு, “எங்க தோட்டத்து லயத்துலயும் இப்படித்தான் அக்கா. ஒருத்தி அழுதா லயத்துக்கே மானக்கேடுன்னு யாரும் அழமாட்டாங்க. தெரிஞ்சும் நான் எழுதிட்டு வந்துட்டேன்” என்றார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

24ஆம் திகதி காலை ஆறரை மணியளவில் தோணியில் தனியாகப் போய் ஏழு மிதவைகளின் கயிற்றையும் அறுத்தேன். இங்கே மேசையில் இருக்கும் கத்தி அதுதான். கணவரை எடுக்க வலையை அறுத்ததும் இதே கத்திதான். ஓடைவாயில் நான் வலை போடவில்லை. மிதவை ஒன்றும் களவு போகவில்லை. ஏழையும் இழுத்துப்போய்ப் பட்டமரங்களைச் சுற்றிக் கட்டினேன். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. கழற்றுவதாக இருந்தால் குஞ்சுகள் வளரும் இந்த மழைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

வெளியே நுஸ்லா மதினி வந்திருக்கிறார், பக்கத்தில் இருக்கக் கூப்பிடவா என்று உத்தியோகத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, செப்டெம்பர் 14 முதல் இல்லை, அதை எழுதுங்கள் என்றேன். அது சங்கம் செய்த இந்த முறைப்பாட்டுக்குத் தேவையில்லை என்றார். எழுதச் சொன்னேன். எழுதினார்.

இதுவரை எழுதப்பட்டதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதுதான், உண்மைதான். எனக்காக வேறு எவரும் பதில் சொல்லவில்லை. கையொப்பம் என்னுடையது.

ஸ. றிஸ்மியா
2025.01.25