யாரையும் நம்பாத லொரெய்ன் அம்மையாருக்கு

ஐயமே அணிகலனாய், அயராமையே ஆயுதமாய், இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் மாவட்ட நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்தை ஆட்டிப் படைத்த அம்மையீர்! பொய்யின் பகைவரே! உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு நாங்கள் வாங்கி வைத்த கேக்கில் ரம் கலந்திருக்குமோ என்று இந்த நொடியிலும் முகர்ந்துகொண்டிருக்கும் லொரெய்ன் பியட்ரோஸ்கி அவர்களே! வணக்கம்.

சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே விடப்பட்டவர்கள் உங்கள் முன் நின்று நடுங்கினார்கள். "பல்வலிங்க, அதான் போன வாரம் வரல" என்றவரை வாயைத் திறக்கச் சொன்னீர்கள். உங்கள் பேனா காணாமற்போன அன்று எங்களையும் வரிசையாக விசாரித்தீர்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் எதிரே அமர்ந்து மதிய உணவு உண்ணவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஆயினும் டுவெய்ன் ஸ்டப்ஸை மறப்போமா! குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தியவர். மதுக்கடையில் கால் வைத்தால் மூன்றாண்டு சிறை என்பது அவருக்கு இட்ட நிபந்தனை. அவர் கணுக்காலில் மாட்டியிருந்த, இருப்பிடம் காட்டும் கருவியோ, வெள்ளிதோறும் மாலையில் அவர் மதுக்கடையில் இருப்பதாகக் காட்டியது.

"கடைக்கு மேல்மாடிலதான் என் தங்கச்சி புதுசா குடிவந்திருக்கா. என் பொண்ணு அவகிட்டதான் வளருது" என்று கெஞ்சினார் டுவெய்ன்.

"நல்லா கதை விடுறான்யா! மெஷின் பொய் சொல்லுமா?" என்று சிரித்தோம் நாங்கள்.

நீங்களோ அவரையும் நம்பவில்லை, கருவியையும் நம்பவில்லை. நீதிமன்ற விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கொட்டும் பனியில் போய் அந்த மாடிப்படி ஏறினீர்கள். கதவைத் திறந்த சிறுமி, "அப்பா ஸ்பகெட்டி பண்றாரு. நீங்க யாரு?" என்றாள். நேரே உள்ளே போய், குழம்பில் ஒயின் வாசம் வருகிறதா என்று முகர்ந்தீர்கள். டுவெய்னை ஊதச் சொன்னீர்கள். துளி மதுவும் இல்லை. அந்தக் கருவிக்குக் கீழ்த்தளம் மேல்தளம் தெரியாது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க மட்டுமே தெரியும்.

"இவரை நம்புறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"நான் யாரையும் நம்புறதில்லங்க. மாடி ஏறிப் பார்த்துட்டு வந்தேன்" என்றீர்கள்.

டுவெய்ன் அன்று சிறைக்குப் போகவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனார். சிரித்த எங்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

உறுதியின் உருவே! ஓயாத உழைப்பே! முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் அண்டாமல் நெடுநாள் நலமோடு வாழ்க! நீங்கள் போன பின்பு எங்கள் முன்னால் நின்று கெஞ்சப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறோம்: சிரிப்பதற்கு முன் நாங்களும் நேரில் போய்ப் பார்ப்போம்.

அன்போடும், இன்னும் கொஞ்சம் அச்சத்தோடும்,
அலுவலகப் பணியாளர்கள்