வாசலைப் பார்த்த காலணிகள்

கழற்றிய காலணிகளைத் திருப்பி, நுனி வாசலைப் பார்க்கும்படி ஜோடி சேர்த்து வைக்க வேண்டும் என்று என் அம்மா சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார். உங்கள் அம்மாவும் பழக்கியிருப்பார், இன்ஸ்பெக்டர். அப்படிச் செய்யாதவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை.

வாரம் தவறாமல் வரும் மங்காப் படக்கதைப் பத்திரிகை ஒன்றில் நான் உதவி ஆசிரியர். ஹதனாகா இகுயோ என்னும் ஓவிய ஆசான், எங்கள் சென்செய், வரையும் தொடர் என் பொறுப்பில் இருந்தது. 'அப்பாவும் முள்ளங்கியும்' என்று பெயர். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் அப்பாவுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டே போகிறது, மகள் சமைத்துப் போட்டுக்கொண்டு அவரோடு இருக்கிறாள், அவ்வளவுதான் கதை. ஒரு வாரம் முழுக்க முள்ளங்கி வேகும். இன்னொரு வாரம் குடையைத் தேடுவார்கள். எல்லாம் சென்செய்யின் சொந்த வீடு, சொந்த அப்பா. அந்தத் தொடரை நான் உண்மையிலேயே நேசித்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் நேசிக்கவில்லை. ஒவ்வொரு இதழோடும் ஓர் அஞ்சலட்டை வைக்கிறோம், பிடித்த கதைகளைக் குறித்து அனுப்புவார்கள். தொடர்ந்து கடைசியில் நிற்கும் தொடரை முடித்துவிடுவோம். படித்துவிட்டு அழுதவர்கள் அட்டை போடுவதில்லை, அடிதடி கேட்கிறவர்கள்தான் மெனக்கெட்டுப் போடுகிறார்கள். எங்கள் தொழிலின் சாபம் அது. சென்செய்யின் கதை கடைசியிடத்திலேயே குடியிருந்தது. என் பொறுப்பில் இருந்த வேறு இரண்டு தொடர்கள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. சோறும் குழம்புமாகப் போகிற கதைக்குள் ஒரு நாள் ஒரு பேயை இறக்க வேண்டும். கதாநாயகி கையில் ஆயுதம் கொடுக்க வேண்டும். அப்படிப் பிழைத்த தொடர்கள் ஏராளம். எங்கள் பத்திரிகையின் தலைமை ஆசிரியர், கூட்டத்திலேயே சொன்னார். "முள்ளங்கிய வேக வெச்சது போதும்யா, செரிசாவா. கதைக்குள்ள யாராச்சும் சாகட்டும். இல்லன்னா கதை சாகட்டும்."

போய்ச் சொன்னேன். சென்செய் சிரித்தார். "எங்க வீட்டுல பேய் இல்லையே, செரிசாவா-சான். நடக்காதத என் கை வரையாது. வரைஞ்சா கோடே பொய்யாப் போயிடும்."

உள்ளறையிலிருந்து அவருடைய அப்பா தமோட்சு குரல் கொடுத்தார். "யாரும்மா அது? டிக்கெட் இல்லாம ஏறினவனா?"

வருகிறவர்கள் எல்லோரும் அவருக்குப் பயணிகள். நான் என் விசிட்டிங் கார்டை நீட்டுவேன். இரு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "செல்லும். ஆனா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடணும், என்ன?" என்பார். அவரையும் எனக்குப் பிடிக்கும்.

அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது, பழக்கதோஷத்தில் என் காலணியோடு அங்கே கிடந்த அவருடையதையும் திருப்பி வைத்தேன். சென்செய் பதறி ஓடிவந்தார். "அப்பாவோடத மட்டும் தொடாதீங்க. வாசலப் பாத்துக் கெடந்தா டூட்டிக்கு நேரமாச்சுன்னு மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. தண்டவாளம் தெருக்கோடியிலதான இருக்கு." அதனால் அந்த வீட்டில் எல்லாக் காலணிகளும் வீட்டுக்குள் பார்த்தபடிதான் கிடக்கும், சென்செய்யின் செருப்பு உட்பட. மூன்று வருடம் போய்வந்தேன். பிறகு ஒரு தடவைகூட நான் மறந்ததில்லை.

அது பனிக்காலத்து மதியம். அந்த வாரப் பக்கங்களை என்னிடம் கொடுத்ததும், கணப்பு மேசைமேல் தலையைச் சாய்த்த சென்செய் அப்படியே தூங்கிப்போனார். ராத்தூக்கம் இல்லாத உழைப்பு. ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் தொடரை முடிப்பதாக முடிவாகியிருந்தது. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை, தாங்கமாட்டார். அது நின்றுபோனால் அப்பாவை வைத்துக் காப்பாற்ற அவருக்கு வேறு வழியும் இல்லை. அவர் நன்மையையும் யோசித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாசலில் குனிந்து காலணிகளைத் திருப்பி வைத்தேன். பெரியவர் உள்ளிருந்து கேட்டார், "தம்பி, மணி என்னாச்சு?" கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே மரியாதை. "நேரமாச்சுங்க, ஐயா" என்றேன். கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான். வழக்கமாக சென்செய் வந்து போடுவார். வெளியே நிற்கிற நான் எப்படிப் போட முடியும்?

வழியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு ரயில் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. தண்டவாளத்தில் ஆள் அடிபட்டதால் தாமதம், மன்னிக்கவும் என்று அறிவித்தார்கள். பெட்டியில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மடியில் பக்கங்கள் இருந்தன, அச்சகத்தில் காத்திருந்தார்கள்.

சாவுச் சடங்குக்குப் போய் ஊதுபத்தி ஏற்றினேன். வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தலைமை ஆசிரியரும் மனம் இளகி, முடிவைத் தள்ளிவைத்தார். சில வாரங்கள் கழித்து சென்செய்யிடமிருந்து புதுப் பக்கங்கள் வந்தன. செத்துப்போன அப்பா தொப்பி அணிந்து, எந்த நிலையத்திலும் நிற்காத ரயிலை ஓட்டுகிறார். மகள் சிக்னல் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி, தண்டவாளத்தில் படுத்திருக்கும் பேய்களை வெட்டுகிறாள். கோடு ஒவ்வொன்றும் கத்திக் கீறலாக இருந்தது. அந்த வாரம் நாங்கள் முதலிடம். தலைமை ஆசிரியர் என் முதுகில் தட்டினார். முள்ளங்கி வெந்தபோது திரும்பிப் பார்க்காத ஜனங்கள் இப்போது அட்டை அட்டையாக எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் இன்னும் கோபம் உண்டு. முன்பே எழுதியிருந்தால் பெரியவர் இருந்திருப்பார்.

பிறகு கதைக்குள் ஒரு பேய் வந்தது. முகம் கிடையாது. வீடுவீடாகப் போகும், பணிவாக வணங்கும், காலணிகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான் அதன் வேலை. வாசகர்களுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்தது. பொம்மை செய்ய ஆட்கள் வந்தார்கள். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். சென்செய்யின் செருப்பு என் ஞாபகத்தில் இல்லை. அதையும் நான் திருப்பி வைத்திருக்கிறேன். பெரியவர் தன்னுடையதை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தூங்கி எழுந்து வந்த மகளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஜோடி. குதிகாலோடு குதிகால் ஒட்டி, வாசலைப் பார்த்தபடி. பெரியவருக்குக் காலணியைத் திருப்பி வைக்கிற ஞாபகமெல்லாம் போய் வெகுநாளாகிவிட்டது. அன்று வந்துபோனவன் நான் ஒருவன்தான். இது இன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசி அத்தியாயத்தில் அந்தப் பேய்க்கு முகம் வந்தது. என் மூக்குக்கண்ணாடி, காதுக்குக் கீழே என் மச்சம். சென்செய் பக்கங்களை என் முன்னால் வைத்து, தேநீரும் ஊற்றினார்.

"பாத்துச் சொல்லுங்க, செரிசாவா-சான். தப்பா இருந்தாத் திருத்திடறேன். நடக்காதத நான் வரையறதில்லன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவர் வரைந்ததிலேயே சிறந்த பக்கங்கள் அவை. வழக்கம்போல பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒரே ஒரு படக்கட்டத்தைத் தவிர. ஓரத்தில் குறிப்பு எழுதினேன். சென்செய் அதை வாசித்தார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தை வேறு தாளில் புதிதாக வரைந்து கொடுத்தார். பழைய தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். நான் மையைக் காயவிட்டு அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். அந்த இதழும் முதலிடம்தான்.

ஆமாம், உங்கள் மேசையில் இருக்கிற அந்தத் தாள்தான். பேய் காலணியைக் கால்விரலால் தள்ளித் திருப்புவதாக வரைந்திருந்தார். அதை எப்படி விட முடியும்? ஓரத்தில் இருப்பது என் கையெழுத்து. வேண்டுமானால் நானே வாசிக்கிறேன். 'காலால் அல்ல. மண்டியிட்டு, இரண்டு கைகளாலும். பெரியவருடைய காலணி.'

நான் ஒழுங்காக வளர்க்கப்பட்டவன்.