ஒரு பிரதி போதும்

ஒரே சாமானை இரண்டாக வாங்கி வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்த லைன் வீடு ஒற்றை அறை. கூடுதலாக ஒரு பெட்டி வந்தால் யாரோ ஒருவர் வாசலில் படுக்க வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியில் என்னை பேக்கப் வேலையில் போட்டபோது, இது நமக்குப் பழகிய வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதால் விளக்கமாகவே சொல்கிறேன், ஐயா. 2005ஆம் வருடம். தலைமை ஆஸ்பத்திரியிலும் சிவாஜிநகர் கிளையிலும் சேரும் லேப் ரிப்போர்ட்டுகளைத் தினமும் டேப்பில் நகலெடுப்போம். நகல் முடிவதற்குள் காலையில் ஓ.பி. தொடங்கிவிடும். கம்ப்யூட்டர்கள் இழுக்கும், டாக்டர்கள் கத்துவார்கள். இரண்டு இடத்திலும் சேர்ந்து இரட்டையாக இருக்கும் கோப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. இரட்டை எது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி இருந்தது. கோப்புக்குள் இருப்பதை முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தால் தப்பே வராது. ஆனால் எங்கள் பழைய சர்வருக்கு அது தாங்காது. ஒரே வகைச் சோதனையில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, கோப்பின் அளவு மூன்றும் பொருந்தினால் ஒரே கோப்பு என்று வைத்துக்கொண்டால் வேலை சட்டென்று முடியும். ரிப்போர்ட்டுகள் ஒரே அச்சில் அடிக்கப்படுவதால் அளவு எப்போதும் ஒன்றுதான். நோயாளி எண் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் போடுவதால் ஒப்பிட உதவாது. மிஞ்சுவது பெயரும் பிறந்த தேதியும்.

என் மேலதிகாரி வெங்கடராமன் சார் நிதானமானவர். ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியுமாக இரண்டு பேர் வந்துவிட மாட்டார்களா என்று கேட்டார். வரமாட்டார்கள் சார் என்றேன்.

அது பொய். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அது பொய் என்று தெரியும். எங்கள் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. வாத்தியார் ஜூன் ஒன்று என்று போட்டுக்கொள்வார். எனக்கும் ஜூன் ஒன்றுதான், என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கும் அதுதான். பெயர்களும் அப்படியே, செத்தவர் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்போம்.

ஏன் சொன்னேன் என்றால், பயம். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் குடும்பத்தில் வேலையில் இருந்தது நான் ஒருவன்தான். என் ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். மெதுவான வழி என்றால் புது சர்வர் வேண்டும்; அதை விற்கிற கம்பெனி தன் ஆளையும் கூடவே அனுப்பும். நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சார் என்னை நம்பினார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழையபடி முழு நகல் ஒன்று எடுத்து வை என்றார். எடுத்து வைத்தேன்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை சர்வரின் டிஸ்க் போயிற்று. முழு நகலிலிருந்து மீட்க ஒரு நாள் பிடிக்கும். என் முறையில் ஓ.பி. திறப்பதற்குள் மீட்டுக் கொடுத்தேன். அச்செடுக்காமல் நின்ற ரிப்போர்ட்டுகள் அன்றே வெளியே போயின. அந்த வாரமே என் வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

சனிக்கிழமை ரஞ்சிதம் அக்கா வீட்டுக்கு வந்தார். பொம்மனஹள்ளியில் எங்களுக்கு எதிர்வீடு. அவரும் தங்கவயல்காரர்தான், கார்மெண்ட்ஸில் வேலை. என் மனைவி ஜோசஃபினின் முதல் பிரசவத்துக்குக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர். மார்பில் கட்டி என்று சிவாஜிநகர் கிளையில் சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். இப்போது கையில் அல்வாப் பொட்டலம். ஒன்றும் இல்லையாம், வெறும் கொழுப்புக் கட்டியாம். ஜோசஃபின் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அட்ரஸ்தான் தப்பா போட்டுக்கீறான், பீட்டரு. நான் பொம்மனஹள்ளின்னு சொன்னேன், உரிகம்னு இருக்குது. தங்கவயல்காரின்னு மூஞ்சிலயே எழுதிக்கீதா இன்னா? நீ கம்ப்யூட்டர்லதானே கீற, மாத்திக் குடுத்துடுப்பா. லீவுக்குக் கம்பெனில காட்டணும்.”

உரிகம் எங்கள் தங்கவயலில் ஒரு பகுதி; எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மாத்திடலாங்க்கா என்றேன்.

மறுநாள் போய் முழு நகல் டேப்பைப் போட்டுப் பார்த்தேன். அதில் இரண்டு ரஞ்சிதம் இருந்தார்கள். இருவருக்கும் இனிஷியல் எஸ், ஒரே வருடம், ஜூன் ஒன்று. உரிகம் ரஞ்சிதத்துக்குக் கொழுப்புக் கட்டி. பொம்மனஹள்ளி ரஞ்சிதத்துக்குப் புற்று. கட்டி சிறியது, உடனே அறுவைக்கு அனுப்பவும் என்று கீழே போட்டிருந்தது. என் முறை இருவரையும் ஒருவராக்கி, உரிகத்து ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

கர்த்தரே, இதைச் சொல்ல எனக்கு வாய் கொடு என்று உண்மையாகவே மன்றாடினேன். சொன்னால் எல்லா ரிப்போர்ட்டையும் கிளறுவார்கள். வரமாட்டார்கள் என்று சொன்னவன் எந்த ஊர்க்காரன் என்றும் கேட்பார்கள். ஜோசஃபின் அப்போது மறுபடி மாசமாக இருந்தாள்.

ஆகவே அக்கா கேட்டதைச் செய்தேன். உரிகத்தை எடுத்துவிட்டுப் பொம்மனஹள்ளி என்று அடித்தேன். நோயாளி எண்ணும் வேறாக இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, நானே திருத்தினேன். புதிதாக அச்செடுத்தேன். பிறகு அந்த டேப்பை, மறுபடி பயன்படுத்தும் நாள் வருவதற்கு முன்பே அழித்து, வேறு நகலுக்குப் போட்டேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வேறு ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவை காட்டுங்களேன் என்று அவரிடம் சொல்லத்தான் செய்தேன்.

“உங்க ஆஸ்பத்திரிய நீயே நம்பலன்னா நான் எங்கப்பா போறது?” என்று சிரித்தார்.

அதற்கு மேல் வற்புறுத்தினால் காரணம் கேட்பார். கட்டி வளர்ந்தபோது டாக்டரிடம் போனார். டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார். அடுத்த ஆகஸ்டில் அடக்கம். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவருடைய கணவர் சாலமன் அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், அதில் நடிப்பு இல்லை.

அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாவதற்கு முந்தின டிசம்பரில் ரஞ்சிதம் அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் பாடப் போனார். தெரு முழுக்கக் கேக் கொடுத்தார். உண்மை தெரிந்திருந்தால் முடி கொட்டிப்போய்க் கட்டிலில் கிடந்திருப்பார். அந்தக் கிறிஸ்துமஸை அவருக்குக் கொடுத்தது நான். சாலமன் அண்ணனையே கேட்டுப் பாருங்கள், அக்கா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று அவரே சொல்வார்.