துடைப்பத்துக்கு யார் முகம்?

பேச வரும்படி அழைத்துவிட்டு, வந்தது முதல் என்னை முறைத்துக்கொண்டே வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! பெற்றோர் சங்கத்தின் பெருந்தூணே! கையில் பிரம்பு இல்லாமலே பிரம்புக்குரிய பயத்தை ஊட்டும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! பொருளாளர் ஐயா அவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! எப்போது முடியும் என்று கைபேசியில் மணி பார்க்கும் தந்தைமார்களே! முன்வரிசைத் தரையில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் என் வாசகப் பெருமக்களே! இத்தனை பேரையும் முனகாமல் சுமக்கும் நாற்காலிகளே! தொண்டை கட்டியும் கடமை தவறாத ஒலிபெருக்கியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பார்த்தீர்களா, நாற்காலிக்கு வணக்கம் சொன்னதும் தலைவர் ஐயாவின் வலது புருவம் மட்டும் மேலே ஏறுகிறது! அந்தப் புருவத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வழக்கே அதுதான்.

‘வாளிக்கு வயிற்றுவலி’ என்ற படப்புத்தகத்துக்குக் கதை எழுதியவள் நான். படம் போட்டவர் என் வீட்டுக்காரர். அதோ, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாரே, அவர்தான். அந்தப் புத்தகத்தில் வாளிக்கு வயிறு உப்பும். குழாய்க்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். துடைப்பம், “கூச்சமா இருக்கு, மெதுவா கூட்டுங்க!” என்று நெளியும். இப்போது அந்தப் புத்தகம் இருக்கும் இடம் எது தெரியுமா? தலைமையாசிரியை அறையின் இரும்பு பீரோ! அதன் சாவி இருக்கும் இடம் தலைவர் ஐயாவின் சட்டைப்பை. புத்தகம் நூலகத்துக்குத் திரும்பலாமா கூடாதா என்று இன்று நீங்கள் கைதூக்கிச் சொல்லப்போகிறீர்கள்.

என்ன குற்றம் செய்தது என் புத்தகம்? ஒருவர் சொன்னார், “என் பொண்ணு பல்லு தேய்க்க அரை மணி நேரம் ஆக்குறா. கேட்டா, பிரஷ்ஷுக்குக் குமட்டுதாம், நடுவுல ரெஸ்ட் குடுக்கணுமாம்.” ஓர் அம்மா சொன்னார், “கதவை இடிச்சுட்டு, கதவுகிட்ட சாரி சொல்றான். என்னை இடிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான்!” அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அடுத்த பதிப்பில் உங்களையும் ஒரு கதவாகப் போட்டுவிடுகிறோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் புத்தகம் பூட்டப்பட்டது பல்லுக்காகவா? கதவுக்காகவா? இல்லை ஐயா, இல்லை! அது பூட்டப்பட்டது ஒரு மூஞ்சிக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புத்தகத்தை விரித்து, துடைப்பத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது யாரு?”

“துடைப்பம்ங்க.”

“துடைப்பம்னு தெரியுது. மூஞ்சி யாரோடது? இந்தப் புருவம் யாரோடது? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது!”

அவர் போன மறுநாள் பொருளாளர் வந்தார். எவ்வளவு திருகினாலும் திறக்காத ஜாடி மூடி அவர்தானாம்! சாயங்காலம் தலைமையாசிரியை அம்மா தொலைபேசினார்கள். வகுப்பு வகுப்பாகக் கத்திக்கொண்டு ஓடும் மணி அவர்களாம். அதோடு விட்டதா? என் நாத்தனார் கூப்பிட்டு, “அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. அந்த ஒட்டடைக்குச்சி நான்தானே? அண்ணன்கிட்ட இனிமே பேசவே மாட்டேன்” என்று ஓவென்று அழுதாள். என்ன கூத்து இது! ஒரே புத்தகத்துக்குள் இத்தனை பெரிய மனிதர்களா? நாங்கள் போட்டது வெறும் தட்டுமுட்டுச் சாமான்தானே!

இப்போது உண்மையைச் சொல்கிறேன், கேளுங்கள். என் வீட்டுக்காரர் படம் போடும் முறை ஒன்று உண்டு. மேசையில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார். வாளியைப் போட வேண்டுமா? கன்னத்தை உப்பிக் கண்ணாடியைப் பார்ப்பார், போடுவார். குழாயா? மூக்கைச் சுளிப்பார், போடுவார். காய்கறிக்காரர் ஒருமுறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “அக்கா, சாருக்கு ஏதாவது பிரச்சனையா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆக, அந்தப் புத்தகத்தில் வாளியும் அவர்தான், வடிகட்டியும் அவர்தான், துடைப்பமும் அவர்தான். மொத்தச் சாமானுக்கும் ஒரே மூஞ்சி, அதுவும் நான் தாலி கட்டிக்கொண்ட மூஞ்சி!

என்ன ஐயா, நம்பமாட்டீர்களா? புருவம் இறங்கவே இல்லையே!

நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் இந்தப் பூட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். “நமக்கு எதுக்கு வம்பு? இனிமே மலை, மேகம்னு போடுறேன். அதுக்கு மூஞ்சி வேண்டாம்” என்றார். மலையும் போட்டார். பார்த்தால் கொட்டாவி வருகிறது! அடுத்த புத்தகத்துக்குப் பாதி போட்ட தலையணை ஒன்று மேசையில் கிடக்கிறது. கண் இல்லை, வாய் இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் நான் சமையலறைக்குப் போகிறேன். எனக்கு வயிறு எரிகிறது, தாய்மார்களே! கைதூக்கும்போது நீங்கள் ஒரு புத்தகத்தை மட்டும் பூட்டப்போவதில்லை, அந்த மனிதரின் கையையும் சேர்த்தே பூட்டப்போகிறீர்கள்.

ஏங்க! எழுந்திருங்க. தூணுக்குப் பின்னால என்ன வேலை? தலைவர் ஐயா பார்க்கட்டும், கொஞ்சம் துடைப்பமா மாறுங்க.

வெட்கப்படுகிறார். கொஞ்சம் பொறுங்கள்... ஆ! பாருங்கள், அந்தப் புருவத்தைப் பாருங்கள்! அந்தச் சுருங்கிய மூக்கைப் பாருங்கள்! அச்சு அசலாகத் துடைப்பமா இல்லையா?

அங்கே யாரம்மா கத்துவது? ‘இப்ப வாளி!’ கேட்டுவிட்டாளே ஒருத்தி! ஏங்க, வாசகர் கேட்கிறார், மாட்டேன் என்று சொல்லாதீர்கள். அதோ, உப்பிவிட்டது வாளி! இன்னும் என்ன, ஜாடி மூடியா? போடுங்கள்! மணியா? அடியுங்கள்! பொருளாளர் ஐயா, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அந்த மூடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

பெரியோர்களே! துடைப்பத்தைப் பார்த்துக் குழந்தை சிரிப்பது எதனால்? அதில் அப்பாவைப் பார்க்கிறது, அத்தையைப் பார்க்கிறது, அடம்பிடிக்கும் தன்னையும் பார்க்கிறது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த பிள்ளையை எவரால் மிரட்ட முடியும்? எந்த முறைப்பால் அடக்க முடியும்? எந்தப் பீரோவில் பூட்ட முடியும்? நமக்கு அது வராது. நாம் துடைப்பத்தைப் பார்த்தால் மானநஷ்ட ஈடு கேட்போம்! அவர்களுக்கு வருகிறது. அதையாவது விட்டுவைப்போமே.

தலைவர் ஐயா, என்ன குனிந்துகொண்டீர்கள்? தோள் குலுங்குகிறதே! அழுகிறீர்களா? இல்லை, இல்லை, சிரிக்கிறார்! சபையோரே, தலைவர் சிரிக்கிறார்! என்ன எடுக்கிறீர்கள் சட்டைப்பையிலிருந்து? சாவியா? கைதூக்கல் வேண்டாமா? சரி, கொடுங்கள். பாப்பா, வாளி கேட்டவளே, நீ போய்த் திற. பார்த்துத் திற, இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த பீரோவுக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடைசி வரை காலை மடக்காமல் நின்ற நாற்காலிகளுக்கும் என் நன்றியும் வணக்கமும். இன்னும் பேச ஆசைதான். ஆனால் கடைசி வரிசை காலியாகிவிட்டது. அவர் வாசலில் என் பையையும் தூக்கிக்கொண்டு அவசரப்படுத்துகிறார். வீட்டில் ஒரு கண்ணாடி இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. போய்த் திருப்ப வேண்டும். வருகிறேன்.