பின் சீட்டில் ஏறியது

சாயங்காலம் ஐந்தரை மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கும் வெற்று நிலம், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு ரோடு. வீடில்லை, மரமில்லை. அதில் ஒரே ஒரு கார், முன்மூடியைத் திறந்துகொண்டு நிற்கிறது... இருட்டினால்தான் அதெல்லாம் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

இது என் சிநேகிதனின் பெரியப்பாவுக்கு நடந்தது. லேத் பட்டறைக்காரர். ஒரே பையன், ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ரத்தத்தில் வியாதி. அவன் இருந்தபோது அப்பாவும் மகனுமாக ஒரு அரதப்பழசான காரை வாங்கிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அவன் போனபின் அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. நாலு வருஷம் அப்படியே கிடந்தது. பிறகு, பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் அதே ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு நிதி திரட்ட ஊர் ஊராகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். ராப்பகலாக உட்கார்ந்து வண்டியை ஓட வைத்தார். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மற்ற கார்களெல்லாம் முன்னால் போய்விட்டன.

"கிழவனுக்கு மூச்சு வாங்குது. தண்ணி காட்டினா எழுந்துக்குவான்" என்று சிரித்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தேடிப் போனார் பெரியப்பா. பெரியம்மா முன் சீட்டிலேயே இருந்தார்.

திரும்பி வந்து, தண்ணீர் ஊற்றி, மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கிளம்புங்க. ஏறிட்டான்" என்றார் பெரியம்மா.

"யாரு?"

பெரியம்மா உதட்டில் விரல் வைத்தார். கன்னமெல்லாம் ஈரம். ஆனால் சிரிப்பு... நாலு வருஷமாகக் காணாத சிரிப்பு.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பின் சீட் காலி. நனைந்த சாக்கைப் பிரித்த மாதிரி ஒரு வாடை மட்டும்.

அவள் மனசை உடைக்க வேண்டாமென்று பேசாமல் வண்டியை எடுத்தார். எடுத்த உடனே தெரிந்துவிட்டது. பின்பக்கம் அமுங்கிக் கிடந்தது. ஸ்டீயரிங் கையில் நிற்காமல் மிதந்தது. டயர் தகரத்தில் உரசி... சர்ர்... சர்ர்... ரப்பர் கருகும் நாற்றம். நாலு தடியர்கள் ஏறினால்தான் அந்த வண்டி அப்படி அமுங்கும். அவருடைய பையனோ, கடைசியில் தூக்கினால் தலையணை கனம்தான் இருந்தான்.

"கண்ணு... குளிருதாடா?" என்று கேட்டார் பெரியம்மா.

"ம்."

பெரியப்பா காதிலும் விழுந்தது. அவன் குரலேதான். ஆனால் அது வந்த இடம்... கூரையை ஒட்டி.

அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்ட ஓட்டினார். தூரத்தில் பெட்ரோல் பங்க் விளக்கும், வரிசையாக நின்ற கார்களும் கண்ணில் பட்டதும் பிரேக்கை மிதித்தார். இறங்கி ஓடிவந்து பின் கதவைத் திறந்தார்.

"இறங்கு!"

அசைவில்லை.

"ஐயோ, புள்ளைய நடுரோட்டுல விடுறீங்களே! நீங்களும் ஒரு அப்பனா?"

"அது நம்ம புள்ள இல்லடி. உன் காலைப் பிடிக்கிறேன், வெளியே வா!"

கையைப் பிடித்து இழுத்தார். பெரியம்மா திமிறி அவர் மணிக்கட்டைப் பிராண்டிவிட்டார். எப்படியோ வெளியே கொண்டுவந்து, தோளில் சாய்த்துப் பத்தடி நடத்தியிருப்பார். பின்னால் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை... பதவிசாக. க்ளக்.

அன்றிரவு மற்றவர்களோடு லாட்ஜில் தங்கினார்கள். காலையில் ஆட்கள் போய்ப் பார்த்தபோது கார் விட்ட இடத்திலேயே நின்றது. பின் கதவு மட்டும் அகலத் திறந்திருந்ததாம். உள்ளே எதுவுமில்லை.

வாடகைக் காரில் வீடு திரும்பினார்கள். சொந்தத் தெருவுக்குள் கார் திரும்பியதும் பெரியம்மா பெரியப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வேணாங்க."

"ஏன்டி?"

"நீங்க தண்ணிக்குப் போனப்ப, 'அம்மா, நம்ம வீடு எங்க இருக்கு'ன்னு கேட்டுச்சு. தெரு, அடையாளம், எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன்..."

பெரியம்மா தெருக்கோடியில் தெரிந்த வீட்டையே பார்த்தார்.

"நம்ம புள்ளைன்னா... கேட்டிருக்காது இல்லீங்க?"