கடைசியாய் மேலேறும் பரமசிவம் ஐயா அவர்களுக்கு, வெடிப்பிரிவுத் தோழர்கள் வாசித்தளிப்பது

பாறையோடு பழகிப் பதற்றம் தொலைத்தவரே! தோட்டா இறக்கும் கைக்குத் துளியும் அவசரம் அறியாதவரே! மருந்திட்ட துளைகளுக்கு நடுவே மனிதர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மேலே அனுப்பிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் ஏணியில் கால் வைப்பவரே! எங்கள் பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய வெடிப் பொறுப்பாளர், திரு. பரமசிவம் ஐயா அவர்களே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

பணிநிறைவு மடல் என்றால் பூவும் புகழுமாய் எழுதுவதே வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். கேன்டீனில் உட்கார்ந்து நாங்கள் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தேநீர் வாங்க வந்த தாங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "இன்னாப்பா, எல்லாம் சிரிச்ச மூஞ்சியாவே எழுதிக்கினு கீறீங்க? சிவகுமார் பேரு எங்க?" என்று கேட்டீர்கள். விழா நாளில் அது எதற்கு என்று எங்களில் ஒருவர் தயங்கினார். "இத ஃபிரேம் போட்டுக் குடுப்பீங்க. ஊட்ல மாட்டுவேன். தெனம் பாக்கணும். அவன் பேரு இல்லாத பேப்பர நான் எப்டிப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமலே போய்விட்டீர்கள். ஆகவே, ஐயா, இது மகிழ்ச்சி மடலாய் அமையவில்லை. அதற்காக அவையோர் எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

தாங்கள் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தந்தையார் இறங்கிய சுரங்கத்திலேயே தாங்களும் இறங்கி, வெடி வைப்பதற்கான உரிமம் பெற்று, மண்ணுக்கடியிலேயே வாலிபத்தைக் கழித்தவர். சுரங்கத்தை மூடியபோது கையில் அந்த உரிமமும், பக்கத்தில் துணைவியார் சந்திரம்மாள் அவர்களுமாக இந்தத் தலைநகருக்கு ரயிலேறினீர்கள். தில்லியில் எல்லோரும் மேலே பார்த்துக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்க, தாங்கள் மட்டும் கீழே பார்த்தீர்கள். தெற்குத் தில்லியின் சாலைகளுக்கு அடியில் இரும்பைப் போல் இறுகிக் கிடக்கிறது பாறை. மெட்ரோ நிலையத்துக்கான குழி அங்கே வெடி வைக்காமல் இறங்காது. குழியின் விளிம்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இருக்கும். அவற்றின் ஜன்னல் அதிராமல், அடியில் மலையை உடைக்க வேண்டும்.

அந்த வேலையைத் தாங்கள் செய்த விதத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். துளையிட்டு முடிந்ததும் காற்றால் ஊதித் தூசு நீக்கி, ஒவ்வொரு துளையிலும் மரக்கோலை விட்டு ஆழம் பார்ப்பீர்கள். வெடியைத் தூண்டும் டெட்டனேட்டர் செருகிய வெடிமருந்துத் தோட்டாவை முதலில் இறக்கி, மற்ற தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாய் மெல்ல அமர்த்தி, வாயைக் களிமண்ணால் அடைப்பீர்கள். துளைகள் எல்லாம் ஒரே நொடியில் வெடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக இமைக்கும் நேரம் விட்டு வெடிக்கும்படி ஒயர்களை இணைப்பீர்கள். கல் பறக்காதிருக்க மேலே ரப்பர் பாய் விரிப்பீர்கள். சங்கு ஊதி, சாலை மறித்து, கடைசி ஆள் மேலே வந்த பிறகே பொத்தானில் விரல். வெடித்த பின் சாலையில் போகிற ஆட்டோக்காரருக்குக் கூட லாரி குலுங்கியதைப் போலத்தான் இருக்கும்.

இத்தனையும் தாங்கள் தனியாகச் செய்யவில்லை. தங்கள் வலக்கையாய் இருந்தவர் சிவகுமார்.

ஜங்புராவில், பாராபுலா நாலா என்னும் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர் அவர். தங்களைவிடச் சில வயது இளையவர். மனைவி ருக்கு கிட்வாய் நகரில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். மகள் வைஷ்ணவி தமிழ்ப் பள்ளியில் படித்தாள். களிமண்ணைப் பிசைந்து அடைப்பு உருட்டுவதில் சிவகுமாருக்கு இணை சிவகுமாரே. சென்னை அணி தோற்ற மறுநாள் யாரோடும் பேச மாட்டார். மற்ற நாட்களில் வாயை மூட மாட்டார். பீகாரிலிருந்து வந்த துளையாளர் ஹரிஷங்கரிடம் அரைகுறை இந்தியில் சண்டை போட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவருக்கே எலுமிச்சை சோற்றில் பாதியைக் கொடுப்பார். தாங்கள் பேசாதவர்; அவர் ஓயாதவர். துளையின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகத் தாங்கள் இருவரும் குனிந்திருந்த காட்சியை நாங்கள் எத்தனையோ பகல்கள் மேலிருந்து பார்த்திருக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மே மாதப் பிற்பகலை இந்த மடலில் எழுத எங்கள் கை கூசுகிறது. ஆயினும் எழுதுகிறோம்.

மருந்து நிரப்பும் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டர்களைப் பயன்படுத்திய காலம் அது. காலையிலிருந்து வானம் வெறிச்சென்று வெளுத்துக் கிடந்தது; வானிலை எச்சரிக்கை ஏதும் வரவில்லை. திடீரென்று மேற்கே பழுப்பாய் ஒரு சுவர் எழுந்தது. தில்லிக்காரர்கள் ஆந்தி என்று சொல்லும் புழுதிப்புயல். குழிக்குள் இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. காற்றின் வாடை மாறியதைத் தாங்கள்தான் உணர்ந்தீர்கள். மின்னல் அருகில் எங்கே விழுந்தாலும், ஒயர் வழியே அதன் வீச்சு பாய்ந்து மருந்திட்ட துளைகள் வெடிக்கக்கூடும் என்று அறிந்திருந்த தாங்கள், விசிலை ஊதினீர்கள்.

"சப் லோக் ஊப்பர்! ஜல்தி! எல்லாத்தையும் போட்ட எடத்துல போட்டுட்டு ஏறுங்கப்பா!"

எல்லோரும் ஏணிப்படிக்கு ஓடினோம். தாங்கள் படியடியில் நின்று ஒவ்வொருவரையும் முதுகில் தட்டி ஏற்றினீர்கள். சிவகுமார் வரவில்லை. குழியின் அந்தக் கோடியில் குந்தியிருந்தார். சோதித்துப் பார்ப்பதற்காக முனை பிரித்த இரண்டு ஜோடி ஒயர்கள் அங்கே திறந்து கிடந்தன. ஒவ்வொரு ஜோடியின் முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் ஆபத்து குறையும்.

"வுட்டுட்டு வாடா!" என்று கத்தினீர்கள்.

"தொறந்து கெடக்குண்ணே! பசங்க எல்லாம் இன்னும் படியிலதான் இருக்காங்க. முறுக்கிட்டு வந்துடறேன், நீங்க ஏறுங்க!"

தாங்கள் ஏறவில்லை. அவரை இழுத்து வர அவரை நோக்கி நடந்தீர்கள். பாதி வழியில் மின்னலில் வானம் வெளுத்தது.

குழியில் சிவகுமார் இருந்த மூலை மட்டுமே வெடித்தது என்று பின்னர் விசாரணையில் எழுதினார்கள். இரண்டு ஜோடிகளில் ஒன்றை அவர் முறுக்கி முடித்திருந்தார் என்றும், மற்ற துளைகள் வெடித்திருந்தால் படியில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சியிருக்க முடியாது என்றும் எழுதினார்கள். எங்களில் பலர் இன்று இங்கே நின்று இந்த மடலைப் படிக்கிறோம் என்றால் அது சிவகுமாரால். தங்களைப் பாறைச் சுவரோடு தூக்கி அடித்தது அந்த வெடி. தங்கள் இடச்செவி அன்று போனது, போனதுதான். அதனால்தான் தங்கள் வலப்பக்கம் நின்று இதை வாசிக்கிறோம்.

மருத்துவமனைக் கட்டிலிலிருந்து தாங்கள் எழுந்த வேகத்தை ஹரிஷங்கர் இன்றும் சொல்வார். "அண்ணா, நீங்க படுங்க, நாங்க போய் அவங்க வீட்ல சொல்றோம்" என்று அவர் இந்தியில் கெஞ்சியபோது, கையை உதறினீர்கள். காதில் கட்டோடு, சட்டையில் காய்ந்த ரத்தத்தோடு, மதராசி கேம்ப்பின் குறுகிய சந்தில் தாங்கள் நடந்தீர்கள். நாங்கள் சிலர் பின்னால் வந்தோம். ருக்கு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் அழவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க எப்படிண்ணே மேல வந்தீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணை தங்கள்மேல் பிழையில்லை என்றது. அந்தத் தாளைத் தாங்கள் வாங்கிப் படிக்கவும் இல்லை. பல மாதங்கள் துளையருகே வரவில்லை. வரமாட்டீர்கள் என்றே நினைத்தோம். ஒருநாள் தலைக்கவசத்தோடு வந்து நின்றீர்கள். ஏன் திரும்பினீர்கள் என்று சர்வேயர் கஸ்தூரிரங்கன் கேட்டதற்கு, "நான் நிக்கலன்னா வேற ஒருத்தன் கடேசியா நிக்கணும் சார்" என்றீர்கள். அதன் பிறகு தங்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர் எங்களில் இல்லை. மின்சார டெட்டனேட்டர்கள் போய்ப் மின்னலால் எளிதில் வெடிக்காத புதிய வகை வந்த பின்னும், மேற்கே சிறு மேகம் தெரிந்தால் பாதி நிரப்பிய குழியை அப்படியே விட்டு அனைவரையும் மேலே ஏற்றினீர்கள். வேலை தாமதமாகிறது என்று மேலதிகாரிகள் கோபித்தார்கள். பதவி உயர்வு தங்களைத் தாண்டிப் போனது. தாங்கள் வாதாடவில்லை. அந்த நாளுக்குப் பின் தங்கள் குழுவில் எவருக்கும் சிறு காயம்கூட நேரவில்லை என்பதைச் சொல்லும்போது எங்கள் நெஞ்சு நிமிர்கிறது. தங்கள் தலை மட்டும் குனிந்தே இருக்கிறது.

ஒவ்வொரு மே மாதமும் தாங்கள் அந்தச் சந்துக்குப் போனதை நாங்கள் அறிவோம். ருக்கு வெளியே வர மாட்டார். வாங்கிப் போன பழத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவீர்கள். வைஷ்ணவியின் படிப்புக்கு உதவ முன்வந்தீர்கள், அவர் மறுத்து அனுப்பினார். தாங்கள் வழிமறித்துக் கேட்கவும் இல்லை, போகாமல் இருக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு கோடையில் மதராசி கேம்ப்பை இடித்தார்கள். ருக்குவுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கியிருந்தார்கள்; கிட்வாய் நகர் வேலைக்குப் போய்வர முடியாத தூரம். புல்டோசர் சந்து முனையில் நிற்க, தாங்கள் ஹரிஷங்கரையும் எங்களில் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு டெம்போவோடு போனீர்கள். ருக்கு பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பீரோவையும் கட்டிலையும் தாங்களே முன்முனை பிடித்துத் தூக்கினீர்கள். சுவரில் மாட்டியிருந்த சிவகுமார் படத்தை யாரும் தொடவில்லை. கடைசியில் ருக்கு அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, தங்கள் கையில் கொடுத்தார்.

"முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்து மடியில வச்சுக்கோங்க. ஒடஞ்சிடப் போவுது."

அத்தனை ஆண்டுகளுக்குப் பின் அவர் தங்களிடம் பேசியது அவ்வளவுதான். நரேலா வரை தாங்கள் படத்தை இரு கையாலும் பிடித்தே வந்ததை ஹரிஷங்கர் பார்த்திருக்கிறார். தோட்டாவைத் துளைக்குள் இறக்கும்போது தாங்கள் பிடிக்கும் அதே பிடி அது.

ஐயா! இந்த வாரம் தாங்களும் சந்திரம்மாள் அம்மையாரும் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படுகிறீர்கள். தாங்கள் உடைத்த பாறையின் வழியே நாளை ரயில் ஓடும். அலுவலகம் போகிற லட்சம் பேர் அதில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போவார்கள். தங்கள் பெயரோ சிவகுமார் பெயரோ அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அது எங்களுக்கு வருத்தம்தான். தங்களுக்கு அதில் வருத்தமில்லை என்பதையும் அறிவோம்.

குழியருகே நடக்கும் இந்த விழாவுக்கு அழைக்க எங்கள் கஸ்தூரிரங்கன் நரேலாவுக்குப் போனார். ருக்கு வர மறுத்துவிட்டார். "அந்த மாதிரிக் குழியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல சார். மன்னிச்சுக்கோங்க" என்றார். கஸ்தூரிரங்கன் படியிறங்கும்போது, பின்னாலிருந்து கூப்பிட்டார். தங்களிடம் சேர்க்கச் சொல்லி அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இங்கே வைக்கிறோம். நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் வேண்டி இம்மடலை முடிக்க நாங்கள் எத்தனையோ சொற்களைத் தேடினோம், ஐயா. இதற்குமேல் ஒன்று எங்களிடம் இல்லை.

"அண்ணன் நல்லா இருக்கணும்னு சொல்லுங்க சார். ரொம்ப நாளு இருக்கணும். அவரு இருக்கற வரைக்கும் எங்க வீட்டுக்காரர நெனைக்க எங்களத் தவிர இன்னொருத்தரும் இருப்பாரு."

தங்களோடு ஏணியேறிய,
வெடிப்பிரிவுத் தோழர்களும் நிலையப் பணியாளர்களும்
புது தில்லி